கடற்கரையை வலமாகச் சுற்றினோம்

காலை எட்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்கு என் ஞாபகசக்தி காரணமில்லை. மணல்மேட்டின் உச்சியில் நின்று நான் எடுத்த ஒரு படத்தில் கைபேசி அந்த நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறது. படத்தில் முக்கால்வாசி வானம். அடியில் கடல், நீலமாக ஒரு பட்டை. அதற்கு முன்னால் மணல் சரிவில் ஒரு மஞ்சள் தொப்பி இறங்கிக்கொண்டிருக்கிறது. அது என் மகள். பதின்மூன்று வயது. தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீ மெதுவா வாம்மா, நான் முன்னாடி போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

படம் எடுத்த கையோடு பெங்களூரிலிருந்து என் கணவர் கூப்பிட்டார். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவளை நான் பார்க்கவில்லை. இதை எழுதும்போது அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். தொப்பி இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நாங்கள் மேட்டுநிலத்து ஆட்கள். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் இரண்டு வகை: ஏரியில் நிற்பது, டேங்கர் லாரியில் வருவது. இரண்டுமே யாரும் தொடாமல் தானாக ஏறி இறங்காது. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஏரி இருக்கிறது. அதைச் சுற்றி நடைபாதை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் மகளும் அதில் இரண்டு சுற்று போவோம். முடிவில் ஓட்டலில் நின்றபடியே இட்லி. இரண்டாவது சுற்றை அவள் நடப்பதே அந்த இட்லிக்காகத்தான்.

அந்த ஏரியில் எல்லோரும் வலமாகத்தான் சுற்றுவார்கள். கோயில் பிராகாரத்தைச் சுற்றுகிற மாதிரி, ஏரி எப்போதும் வலது கைப்பக்கம். எதிர்த்திசையில் யாராவது வந்துவிட்டால், குரங்குக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர் கைத்தடியை நீட்டி, "ராங் சைடு, ராங் சைடு" என்பார். ஒருவழிப்பாதையில் வருகிற ஆட்டோக்காரரிடம் கூட அவ்வளவு கண்டிப்பாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு ஞாயிறு அந்தக் கூட்டத்தில் தவறிப்போனாள். நான் ஒரு பக்கம் ஓட, அவள் ஒரு மரத்தடியில் நின்று அழ, நான் அந்த மரத்தை இரண்டு முறை தாண்டியிருக்கிறேன். இருபது நிமிடம் கழித்துக் காவலாளி கண்டுபிடித்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் என் கணவர் உட்கார்ந்து ஒரு தாளில் வட்டம் போட்டார். அவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவர். எந்தத் தப்பு நடந்தாலும் அது மறுபடி நடக்காமல் இருக்க ஒரு தாள் தயார் செய்துவிடுவார். அந்தத் தாளில் மூன்று விதி. குழந்தை நிற்கக் கூடாது. குழந்தை திரும்பவும் கூடாது, போன திசையிலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும். திரும்ப வேண்டியது அம்மா மட்டும்தான். அம்மா எதிர்த்திசையில் வந்தால் வட்டத்தில் எங்காவது ஓரிடத்தில் முட்டிக்கொண்டே ஆக வேண்டும்.

"ரெண்டு பேரும் நின்னா ரெண்டு பேருமே தொலைஞ்சு போன மாதிரி" என்றார். கையெழுத்துப் போடாத குறை.

அந்த விதி வேலை செய்தது. அதன் பிறகு மூன்று முறை தவறி, மூன்று முறையும் முட்டிக்கொண்டோம். ஒரு முறை படித்துறைக்கு எதிரே, ஒரு முறை மீன்களுக்குப் போடப் பொரி விற்பவரின் வண்டியருகே. மூன்றாவது முறை ஓட்டல் வாசலில், அவள் ஏற்கனவே இட்லி சொல்லிவிட்டிருந்தாள். பெரியவரின் "ராங் சைடு" மட்டும் எனக்குத் தனியாகக் கிடைத்தது. என் மகள் வீட்டில் நான் சொல்லும் எதையும் முதல் தடவையில் கேட்பவள் அல்ல. இந்த ஒரு விதியை மட்டும் வேதமாகப் பிடித்துக்கொண்டாள்.

கடற்கரைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். பள்ளி விடுமுறை, கணவருக்கு விடுப்பு இல்லை. மேற்குக் கரையில், ஓர் ஆறு கடலில் சேருகிற இடத்தில் சின்ன ஊர். ஆற்றங்கரையில் ஒரு வீட்டின் மாடியறையை விருந்தினருக்கு விடுகிறார்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு என் வயதிருக்கும். ஆற்றைக் காட்டி "நம்ம அளிவெ" என்றார். ஆறும் கடலும் கலக்கிற இடத்துக்கு அங்கே கன்னடத்தில் அப்படித்தான் பெயர். வீட்டு வாசல் சுவரில் நடைவழி ஒன்றைப் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தார். வீட்டிலிருந்து ஆற்றங்கரையோடு மேற்கே போய் முனை. முனையில் திரும்பிக் கடற்கரையோடு தெற்கே. பிறகு மணல்மேடுகள் ஏறி இறங்கி மறுபடி வீடு. நடுவில் வேலி போட்ட இறால் குட்டைகள், யாரும் குறுக்கே போக முடியாது. பார்த்தால் அசப்பில் எங்கள் ஏரியேதான். வழியெல்லாம் சின்னச் சின்ன அம்புக்குறி போட்டிருந்தது.

"காலைல ஆறரைக்குக் கிளம்பிடுங்க அக்கா" என்றார் முதல் நாள் சாயங்காலமே. நாங்கள் கன்னடத்தில்தான் பேசிக்கொண்டோம், நடுவில் அவருக்குத் தெரிந்த தமிழும் வரும். "முதல்ல ஆத்தங்கரை, முனையில ஒரு ஓடை இருக்கு, கணுக்கால் தண்ணி. அதை எட்டரைக்குள்ள தாண்டிடணும். அப்புறம் கடல் ஏறிடும்."

கேட்டுக்கொண்டேன். தலையும் ஆட்டினேன். காலையில் அவர் மீன் வாங்கப் போயிருந்தார். நாங்கள் எழுந்ததே ஏழு மணிக்கு. இரண்டாவது காபி குடித்து, மகள் தொப்பியைத் தேடி, தேடிய தொப்பி தலையிலேயே இருந்து, கிளம்பும்போது எட்டேகால். வாசலில் மகள் சுவர்ப் படத்தைப் பார்த்தாள்.

"அம்மா, ஆரோ மார்க் இடமா சுத்துது."

"இருக்கட்டும். காலங்காத்தால யாராவது இடமா சுத்துவாங்களா? வட்டம்தானே, எந்தப் பக்கம் போனா என்ன."

"அங்கிள் இங்க வந்து தடியை நீட்டப் போறாரா?"

"வந்தாலும் வருவார்."

இருவரும் சிரித்துக்கொண்டு வலமாகத் திரும்பினோம். மணல்மேடு முதலில், முனையும் ஓடையும் கடைசியில். இதைத்தான் நான் இப்போது பல இரவுகளில் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். தொல்லை எட்டு ஐம்பத்திரண்டுக்குத் தொடங்கியதா, எட்டேகாலுக்கா என்று.

மணல்மேடுகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. தூரத்திலிருந்து பார்க்கும்போது வழுவழுப்பாக, யாரோ கையால் தடவி வைத்ததுபோல் இருக்கும். ஏறும்போது ஒரு அடி வைத்தால் முக்கால் அடி திரும்பி வரும். சரிவெங்கும் அடப்பங்கொடி படர்ந்து ஊதா நிறத்தில் பூத்திருந்தது. நண்டுகள் எங்களைப் பார்த்ததும் வளைக்குள் பாய்ந்தன. என் மகள் ஒவ்வொரு வளையிலும் குனிந்து, "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். உச்சிக்கு வந்ததும் காற்று அப்படி அடித்தது, என் துப்பட்டா எனக்கு முன்னால் கடலுக்குப் போகப் பார்த்தது. என் ஷூ இரண்டிலும் மணல் நிறைந்துவிட்டது. அதைக் கொட்ட நான் உட்கார்ந்தேன், அவள் இறங்கினாள், நான் படம் எடுத்தேன், ஃபோன் அடித்தது.

"சிலிண்டர் வந்திருக்கு. வாசல்ல நிக்கிறார். உன் நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும் பாரு" என்றார் கணவர். அவருக்கு அன்று இரண்டாம் ஷிப்ட், காலையில் வீட்டில் இருந்தார்.

குறுஞ்செய்தியைத் தேடினால் லைன் போய்விட்டது. எழுந்து நின்றால் வந்தது, உட்கார்ந்தால் போனது. ஒற்றைக் காலில் ஷூவோடு நின்று நான்கு எண்களைக் கத்தினேன். அவர் சிலிண்டர்காரரிடம் கத்தினார். அந்த எண் பழைய எண் என்று திரும்பி வந்தது. புது எண் வருவதற்குள் ரசப்பொடி எங்கே இருக்கிறது, மோட்டாரை யார் நிறுத்துவது, மாடிவீட்டுக்காரர் என்ன சொன்னார் எல்லாம் பேசினோம். கடைசியில் அவர், "கடல் எப்படி இருக்கு?" என்றார்.

"பெரிசா இருக்கு" என்றேன்.

ஷூவைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு இறங்கியபோது ஒன்பதே கால். தெற்கே யாரும் இல்லை. வடக்கே, முனை இருக்கிற திசையில், கறுப்புப் பாறைகள் கடலுக்குள் இறங்கி நின்றன. அதற்கு அப்பால் தெரியவில்லை. சின்னக் காலடிகள் பாறைப் பக்கம் போயிருந்தன. எனக்குத் துளியும் பயமில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். வட்டம்தானே. அவள் நிற்க மாட்டாள், திரும்ப மாட்டாள். திரும்ப வேண்டியது நான்.

திரும்பினேன். வந்த வழியே மணல்மேடுகளை ஏறி இறங்கினேன், ஒரு பழைய பாட்டை முனகிக்கொண்டு. வீட்டு வாசலைத் தாண்டி, ஆற்றங்கரையோடு போய் அவளை எதிரில் பிடிப்பதாக உத்தேசம். எதிரே வரும்போது என்ன முகம் காட்டுவாள் என்று கூட யோசித்து வைத்திருந்தேன்.

வாசலில் வீட்டுக்கார அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் மணல்மேட்டுப் பக்கமிருந்து வருவதைப் பார்த்தார்.

"அதுக்குள்ள சுத்திட்டீங்களா?"

"இல்ல, நாங்க அந்தப் பக்கமா போனோம். பொண்ணு முன்னாடி போயிட்டா. முனை வழியா வந்துடுவா."

கையிலிருந்த மீனை அவர் சட்டிக்குள் வைத்தார். "முனை வழியா எப்படி வருவா?" என்றார். "ஓடையில இந்நேரம் ஆள் உயரத் தண்ணி."

அப்போதுதான் என் தலைக்குள் இருந்த வட்டத்தில் ஒரு துண்டு இல்லாமல் போனது. ஒருவழியாக அந்த அம்மா நேற்றுச் சொன்ன எட்டரை எனக்குக் கேட்டது, பதினைந்து மணி நேரம் தாமதமாக.

ஆற்றங்கரையில் ஓடினேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஏரியில் நடப்பதோடு சரி, ஓடியது எப்போதென்று ஞாபகமில்லை. வலது பக்கம் அலையாத்தி மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. காலையில் சேறாக இருந்த இடமெல்லாம் இப்போது தண்ணீர், வேரின் நுனி மட்டும் தெரிந்தது. மிக அமைதியாக ஏறியிருந்தது. எனக்கு அதுதான் ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் சத்தம் போட்டால் என்ன.

ஓடையை நான் அடைந்தபோது பத்து மணி. கணுக்கால் தண்ணீர் என்று அவர் சொன்ன ஓடை முப்பது நாற்பது எட்டு அகலத்துக்கு விரிந்து, பழுப்பு நிறத்தில், கடலிலிருந்து உள்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மட்டைகளும் குச்சிகளும் வேகமாக அதில் போயின. எதிர்க்கரையில் மணல். மணலுக்குப் பின்னால் கடல். மஞ்சளாக ஒன்றுமில்லை.

கூப்பிட்டேன். காற்று என் குரலை என்னிடமே திருப்பித் தந்தது. முழங்கால் வரை இறங்கிவிட்டேன். பின்னாலிருந்து துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள். வீட்டுக்கார அம்மா, மூச்சிரைக்க.

"அக்கா, மேல வாங்க. நீங்களும் போயிட்டா நான் எத்தனை பேரைத் தேடறது?"

"அவளுக்கு நீச்சல் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. மேலே வந்தேன். அவர் ஏற்கனவே தன் தம்பிக்கு ஃபோன் செய்திருந்தார். மீன்பிடிப் படகு வைத்திருப்பவர், ஆற்றில் மேலே எங்கோ வலையை உலர்த்திக்கொண்டிருந்தாராம். "வந்துட்டே இருக்கான், வந்துட்டே இருக்கான்" என்று எனக்கும் தனக்குமாகச் சொன்னார்.

அந்தக் காத்திருப்பில் நான் நினைத்தது ஒன்றே ஒன்று. அவள் சொன்ன பேச்சைக் கேட்காத பெண்ணாக இருந்திருக்கலாம். மற்ற எல்லாவற்றிலும் இருப்பது மாதிரி. குளியலறையில் ஈரத்துண்டை விடாதே என்று தினமும் சொல்கிறேன், தினமும் விடுகிறாள். தட்டைக் கழுவி வை என்றால் வைப்பதில்லை. ஆனால் நிற்காதே, திரும்பாதே என்று ஆறு வருடமாகச் சொன்னதைக் கேட்பாள். தண்ணீருக்கு முன்னால் வந்து, எதிரே அம்மா வருவாள் என்று நம்பி, நிற்காமல் திரும்பாமல் காலை வைத்திருப்பாள்.

கணவருக்குச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று தெரியாது.

"அவ நின்னுருப்பா" என்றார் அவர். "தண்ணியைப் பார்த்தா நிப்பா. முட்டாள் இல்ல அவ."

"நின்னா எதிர்ல தெரியணுமே. யாருமே இல்லங்க அங்க."

"நான் கிளம்பறேன்" என்றார். பெங்களூரிலிருந்து கிளம்பி அவர் எப்போது வந்து சேருவது. ஆனாலும் கிளம்பறேன் என்றார். ஃபோனில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

படகு வந்தது. தம்பிக்கு முப்பது வயதிருக்கும். அக்காவிடம் மட்டும் கேட்டுக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனார். இறங்கி, குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டே கொஞ்சதூரம் நடந்தார். பாறைகள் இருக்கும் திசையில் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தார். படகிலிருந்து இறங்கவில்லை.

"சின்னக் காலடி இருக்கு" என்றார். "தண்ணி வரைக்கும் வந்திருக்கு."

"திரும்பிப் போன காலடி?" என்று நான் கேட்டேன்.

அவர் எஞ்சினைப் பார்த்தார். "கண்ல படல. அலை ஏறினதுல அழிஞ்சிருக்கலாம்." பிறகு அக்காவிடம் தணிந்த குரலில், "உள்ளே ஆத்துப் பக்கமா ஒரு தடவை பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பினார். தண்ணீர் உள்நோக்கி ஓடுகிறது, அதனால் உள்ளே பார்க்கிறார். அந்தக் கணக்கு எனக்கே புரிந்தது.

படகு போன பிறகு அங்கே சத்தமே இல்லை. வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்திருந்தார். மீன் வாசம் அடித்தது. இப்போதும் சிவாஜிநகர் மார்க்கெட்டில் மீன்கடைப் பக்கம் போனால் என் கை தானாக எதையாவது பிடித்துக்கொள்ளும்.

நான் நின்றேன். நடக்க இடமில்லை, திரும்பினால் ஓடை கண்ணிலிருந்து போய்விடும். ஆகவே நின்றேன். எவ்வளவு நேரம் என்பதை மட்டும் கைபேசி குறித்து வைக்கவில்லை. ஒரு வெள்ளைக் கொக்கு எதிர்க்கரை ஓரமாக ஒவ்வொரு காலாக வைத்து நடந்தது. தண்ணீர் ஏறியதும் நான்கு எட்டு பின்னால் போய் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்குக்குத் தெரிகிறது என்று நினைத்தேன்.

பின்னால் மணலில் சரக் சரக் என்று சத்தம். வீட்டுக்கார அம்மாதான் முதலில் திரும்பினார். என் கையை விட்டார்.

ஆற்றங்கரைப் பாதையில், நாங்கள் வந்த அதே வழியில், மஞ்சள் தொப்பி வந்துகொண்டிருந்தது. முகம் செக்கச் செவேலென்று இருந்தது. ஷூ இரண்டையும் கயிற்றால் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். முழங்கால் வரை கால்சட்டை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. பாட்டில் காலி. ஓடை வரை வந்து, தண்ணீரைப் பார்த்து, எதிர்க்கரையில் நான் இன்னும் வந்து சேராததைப் பார்த்து, நான் எப்படியும் இந்தப் பக்கத்தில்தான் மாட்டிக்கொள்வேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். பிறகு கடற்கரை முழுவதும், மணல்மேடுகள் முழுவதும், வீட்டு வாசல், ஆற்றங்கரை என்று வட்டத்தை அப்படியே எதிர்த்திசையில் நடந்து தீர்த்திருக்கிறாள், வெயிலில், தனியாக. கால் சுட்டதால் கடற்கரை நெடுக ஈர மணலில், அலை வந்து போகிற இடத்தில். அதெல்லாம் பிறகு தெரிந்தது.

நான் அவளிடம் ஓடவில்லை. அவள் பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள், வீட்டுக்கார அம்மாவைப் பார்த்தாள், என் நனைந்த சுடிதாரைப் பார்த்தாள். ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டு வந்தவள் போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி இருந்துச்சும்மா" என்றாள். "அதான் நின்னு, இடமா திரும்பிட்டேன். அப்பாகிட்ட சொல்லாத."